அப்பா எதிரே உட்கார்ந்து கேட்ட பாடம்

புத்தகத்தைத் தொடுவதற்கு முன் என் அப்பா கை கழுவும் விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், தோட்டக் கூலிகளின் அறை வரிசையான எங்கள் லயத்துக்குப் பின்னால், பிளந்த மூங்கில் வழியாக ஓடைத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கோப்பிக் காட்டில் வேலை விட்டு வந்ததும் அதனடியில் குந்திக்கொண்டு, தேங்காய் நாரால் விரல் விரலாகத் தேய்ப்பார். நகக்கண்ணில் ஏறிய செம்மண் முழுவதும் போகாது. போகாது என்று தெரிந்தும் தேய்ப்பார். பிறகு வேட்டித் தலைப்பில் ஈரம் ஒற்றி, கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "வா தாயி, புஸ்தகத்தை எடு" என்பார். சோறு பொங்குவது அதற்குப் பிறகுதான்.

அம்மா எனக்கு ஐந்து வயதிருக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு அந்த ஒற்றை அறையில் நானும் அப்பாவும்தான். விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு அவர் காட்டுக்குப் போய்விடுவார். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பள்ளிக்கூடம் என்றால் கோப்பி ஸ்டோருக்குப் பக்கத்தில் சாக்கு அடுக்கி வைத்திருந்த ஒரு கொட்டகை. கண்டியிலிருந்த வேதக் கோயில்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் வாத்தியாரை அழைத்துவந்து அதில் வைத்திருந்தார்கள். முப்பது பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் ஐந்தோ ஆறோதான் இருந்தன. வாத்தியார் ஒரு வரி சொல்லுவார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சலில் அவர் வாய் அசைவது மட்டும் தெரியும். அப்போதும் கத்துவோம்.

அப்பாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்று அவர் ஏன் அப்படித் துடித்தார் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் வாசலில் வைத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் வாசித்துச் சொல்வார். கூட்டம் சுற்றி நிற்கும். தாத்தா இறந்த செய்தி அப்படித்தான் அப்பாவுக்கு வந்தது. வேறு யாருக்கோ மாடு கன்று போட்ட செய்தியை வாசித்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், கணக்கப்பிள்ளை அடுத்த உறையைப் பிரித்து அதே குரலில் வாசித்தாராம். சிலர் அந்தச் சிரிப்பை முடிக்கக்கூட இல்லையாம். "நம்ம வீட்டுச் சேதி நம்ம வீட்டுக்குள்ள வச்சுத் தெரியணும் தாயி" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் வாத்தியாரிடம் போய், பிள்ளை நன்றாகப் படிக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத் துரை முன்னால் நிற்பதுபோல் நின்றார். வாத்தியாருக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. "ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில, ஒரே இடத்தில பிள்ளையை இருத்தி வாசிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் பக்கத்தில இருந்தாலே போதும். மிச்சம் தானாக வரும்" என்றார். ஒரு புத்தகத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அது எவ்வளவு பெரிய சலுகை என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

வாத்தியார் சொன்னதை அப்பா ஒரு சொல் பிசகாமல் செய்தார். அறைக்கு முன்னால் இருந்த குறுகலான இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்தார். அதுதான் என் இடம். வெளிச்சம் இருக்கும்போதே வாசித்து முடிக்க வேண்டும் என்பதால், வேலை விட்டுத் திரும்பும் வழியில் யாரோடும் நின்று பேசுவதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால், "இப்ப அது படிக்கிற நேரம், அப்புறமா வாங்க" என்று தன்மையாகச் சொல்லி அனுப்புவார். எனக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க என் வாயையும் விரலையும் மாறி மாறிப் பார்ப்பார். உதிர்ந்த கோப்பிப் பழத்தை நாள் முழுவதும் குனிந்து பொறுக்கிய மனுஷன், அந்த ஒரு மணி நேரமும் முதுகைச் சாய்க்கமாட்டார். இன்று பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் வரும் தாய் தகப்பன்மாருக்கு நான் என்னென்ன சொல்கிறேனோ, அத்தனையும் அந்தக் கோப்பிக் கூலியின் வாசலில் நடந்தது.

ஆனால் நான் படிக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்குக் காது நல்ல காது. கொட்டகையில் இரண்டு தடவை கத்தினால் பாடம் முழுவதும் மனதில் நின்றுவிடும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரியின்மேல் விரலை நகர்த்தியபடி, மனப்பாடமாக இருந்ததைச் சொல்லிக்கொண்டு போவேன். எங்கே விரலை எடுத்து அடுத்த வரியில் வைக்க வேண்டும் என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. அ, ஆ தெரியும். நாலைந்து சொற்கள் முகம் பார்த்துத் தெரியும். மற்றதெல்லாம் எனக்குக் கறுப்புக் கறுப்பாய் எறும்பு ஊர்ந்தமாதிரிதான். ஏமாற்ற வேண்டும் என்று நான் தொடங்கவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று முதலில் நம்பினேன். இது இல்லை என்று தெரிந்தபோது அப்பாவின் முகம் என் எதிரே இருந்தது.

அவரும் தம்மால் முடிந்தவரை சோதித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும், "இன்னொருவாட்டி படி" என்பார். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால் பிள்ளை சரியாகத்தான் படிக்கிறது என்பது அவர் கணக்கு. மனப்பாடத்துக்கு அதைவிட எளிதான சோதனை கிடையாது. ஒரு தடவை நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, "இது என்னா தாயி?" என்று கேட்டார். முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓடிவந்து, எண்ணிப் பார்த்து, "மரம்" என்றேன். சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சரியா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அவர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "மரம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அப்பா, எனக்கு..." என்றேன். "சொல்லு தாயி" என்று முன்னால் குனிந்தார். "எனக்குப் பசிக்குது" என்றேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்த ஆடி மாதத்தில் அந்தக் கடிதம் வந்தது. கண்டியிலிருந்து தபால் பையைச் சுமந்துவரும் ஆள் ஸ்டோர் வாசலில் வைத்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டான். கணக்கப்பிள்ளை வழக்கம்போல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். அப்பா உறையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "வேணாங்கய்யா. எம் பொண்ணு வாசிக்கும்" என்றார். கணக்கப்பிள்ளை, "பெரிய ஆளாயிட்டியேப்பா" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்படி அவர் வாய் நிறையச் சிரித்து அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் லயத்தில் பாதிப்பேர் எங்கள் இஸ்தோப்பில் கூடிவிட்டார்கள். வீட்டுச் செய்தி வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொன்ன அப்பா அன்றைக்கு யாரையும் போகச் சொல்லவில்லை. நான் கடிதத்தைப் பிரித்தேன். அது அச்சு எழுத்தில்லை. ஊரில் யாரோ கடிதம் எழுதிக் கொடுப்பவர் எழுதியது. புள்ளி கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, ஒரே ஓட்டமாக மேலிருந்து கீழ்வரை ஓடியது. அதில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஆனால் கணக்கப்பிள்ளை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்த கடிதங்களை நான் கேட்டிருந்தேன். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். அது எனக்கு மனப்பாடம்.

"இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பித்தேன். விரலை வரியில் நகர்த்தினேன். ஊரில் மழை பெய்தது, சோளம் நன்றாக விளைந்திருக்கிறது, தங்கச்சி சுகமாக இருக்கிறாள், பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும். காகிதம் முடியும்வரை எனக்குத் தெரிந்த கடிதங்களிலிருந்து எடுத்து எடுத்து நிரப்பினேன். ஊரில் அப்பாவுக்கு இருந்த ஒரே உறவு அந்தத் தங்கச்சிதான். என் அத்தை. பிள்ளை இல்லாமல் விதவையானவள். அவள் சேதியைக் கேட்டதும் அப்பாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வந்தது. "இன்னொருவாட்டி படி தாயி" என்றார். முதலில் சொன்னதை ஒரு சொல் மாறாமல் மறுபடியும் சொன்னேன். கடிதத்தை நாலாக மடித்து என் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "கேட்டீங்கள்ல, ரெண்டு தரமும் ஒரே மாதிரி" என்றார்.

ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி கடந்தது. கோப்பிப் பழம் சிவந்து, பறிப்பு மும்முரமாகிவிட்டது. புது ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து கண்டிக்கு வந்தவர்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பெண், நடக்க முடியாமல் கண்டியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, எங்கள் லயத்துக்கு வந்தாள். கால் முழுவதும் புண். அப்பாவின் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு அவரைத் தேடி வந்து நின்றாள்.

"ஒங்க தங்கச்சி வந்து சேந்திருச்சாண்ணே?" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"மாத்தளை வரைக்கும் எங்ககூடத்தான் வந்துச்சு. அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போகும், கடுதாசி போட்டிருக்கேன்னு சொல்லி அங்க மடத்துலயே ஒக்காந்திருச்சு. நாங்க கூப்பிட்டோம். வரமாட்டேன்னிருச்சு."

"கடுதாசி வந்துச்சே" என்றார் அப்பா. "அதுல அப்படி ஒண்ணும் இல்லையே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு. அறைக்குள் போய்ப் புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோரை நோக்கி நடந்தார். யாரும் கூப்பிடாமலே நான் பின்னால் ஓடினேன்.

கணக்கப்பிள்ளை அதைத் தடங்கலில்லாமல் வாசித்தார். அண்ணியும் போய்ச் சேர்ந்தபிறகு பிள்ளையைத் தனியே விட்டு நீ வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டு எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். ஆவணி பிறந்ததும் ஊர்ச்சனத்தோடு புறப்படுகிறேன். எனக்கு அந்தச் சீமையில் வழி தெரியாது. மாத்தளை மடத்தில் காத்திருப்பேன், நீ வந்து கூட்டிக்கொண்டு போ. அவ்வளவுதான் கடிதம். சோளமும் மழையும் அதில் இல்லை.

கணக்கப்பிள்ளை கண்ணாடிக்கு மேலால் அப்பாவைப் பார்த்தார். "இதை யாரு ஒனக்கு வாசிச்சது?" என்றார். அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அப்பா கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "வாசிச்சதெல்லாம் சரியாத்தாங்கய்யா வாசிச்சுச்சு. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

பறிப்பு நேரத்தில் ஒரு நாள் லீவு வாங்குவது லேசு இல்லை. கங்காணியின் காலில் விழுந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மாத்தளைக்கு நடந்தே போய் மறுநாள் திரும்பினார். மடத்தில் கஞ்சி காய்ச்சுபவருக்கு அத்தையை நினைவிருந்தது. ஒன்பது நாள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். வருகிற ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பார்ப்பாளாம். பிறகு காய்ச்சல் கண்டதும், நாவலப்பிட்டிக்கு அப்பால் புதுக்காடு வெட்டப் போன ஒரு கங்காணி ஆள் குறைகிறதென்று அவளையும் சேர்த்துக்கொண்டு போனாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாளே அப்பா நாவலப்பிட்டிக்குக் கிளம்பினார். நான்கு நாள் கழித்து வந்தார். வராத நாட்களுக்குப் பெயரை வெட்டிக் கூலியைப் பிடித்திருந்தார்கள். அவர் கவலைப்படவில்லை. கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. அத்தை அங்கே போய்ச் சேர்ந்து ஆறு நாள்தான் உயிரோடு இருந்திருக்கிறாள். புதைத்த இடத்தைக் காட்டினார்களாம். அதன்மேல் கோப்பிக் கன்று நடக் குழி அடையாளம் போட்டிருந்தார்களாம்.

மூட்டையில் இரண்டு சேலையும் ஒரு சிறு பாவாடையும் இருந்தன. அத்தை என்னைப் பார்த்ததே இல்லை. வயதைக் கணக்கிட்டு, ஊரில் யாரோ ஒரு பிள்ளையை அளவு வைத்துத் தைத்திருக்க வேண்டும். எனக்கு அது சரியாக இருந்தது.

அதன் பிறகு மூன்று நாள் அப்பா என்னைப் படிக்கக் கூப்பிடவில்லை. சோறு போட்டார், தலை வாரிவிட்டார், படுக்கச் சொன்னார். ஒரு அடி அடித்திருக்கலாம். அந்த அடிக்காக நான் காத்திருந்தேன். அவர் என்னைத் திட்டமாட்டார் என்று தெரிந்தபோது எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. நானாகப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் என்ன செய்வதென்று தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தோம்.

நாலாம் நாள் அவர் வாத்தியாரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க சொன்னமாதிரியே பக்கத்துல ஒக்காந்திருந்தேங்கய்யா. ஒரு நாளும் தவறலே. எழுத்துத் தெரியாதவன், புள்ள படிக்குதா, வாயில வர்றதைச் சொல்லுதான்னு எப்படிங்கய்யா தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டே இல்லை. நிஜமாகவே வழி கேட்டார். வாத்தியாரின் முகம் சிறுத்துப்போனது. என்னிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்தார். நான் பேசாமல் நின்றேன். இன்னொரு பக்கம். அதிலும் நின்றேன். "பிழை என்னில தான்" என்று மெதுவாகச் சொன்னார். "மூன்று வருஷமாக நானும் இவள் வாசிக்கிறாள் எண்டுதான் நினைச்சிருந்தனான்." பிறகு, "இனிமேல் கடைசி வரியிலயிருந்து, கடைசிச் சொல்லிலயிருந்து பின்னுக்கு வாசிக்கச் சொல்லுங்கோ. மனப்பாடம் பின்னுக்கு ஓடாது. திக்கித் திக்கி வாசிச்சால் அது படிப்பு. சரளமாக வந்தால் சந்தேகப்படுங்கோ" என்றார்.

அன்று மாலை சாக்கு மறுபடி விரிக்கப்பட்டது. அப்பா ஓர் ஈர்க்குச்சியால் பக்கத்தின் கடைசிச் சொல்லைத் தொட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தியதைத் தொட்டார். அதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. பக்கத்தின் தலைப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு தாயி" என்றார் அப்பா. "அது போதும் எனக்கு." அத்தையைப் பற்றி அவர் என்னிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதில் அவள் பெயர் இல்லை.

அதற்கடுத்த இரண்டு வருஷத்தில் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு எழுத்து, பிறகு அதற்கு முந்திய எழுத்து என்று பின்னாலிருந்து முன்னால் வந்து படித்தேன். அந்த வருஷங்களில்தான் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் மஞ்சளாய்த் துகள் படிந்தது. காட்டுக்குள் போய் வந்தால் கை, சட்டை எல்லாம் அந்த நிறம் ஒட்டியிருக்கும். இலை உதிர்ந்து செடி மொட்டையாக நின்றது. துரைமார் சாம்பல் தூவிப் பார்த்தார்கள், கந்தகம் தூவிப் பார்த்தார்கள். எதற்கும் அது நிற்கவில்லை. லயத்தில் ஒவ்வொரு அறையாகக் காலியானது. தோட்டம் கைமாறப்போகிறது என்று பேச்சு வந்தபோது, அப்பா என்னைக் கண்டிக்குக் கூட்டிவந்து, வாத்தியார் சொல்லியிருந்த பெண்பிள்ளைகள் விடுதியில் விட்டார். அவர் நாவலப்பிட்டிப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் போனார். வேறு இடங்களிலும் வேலை இருந்தது. அவர் ஏன் அங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

விடுதியிலிருந்து அவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். பதினான்கு வயதில், அதுவரை சொல்லாத எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதினேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். அத்தை என்னால்தான் செத்தாள் என்று எழுதினேன். என்னை மன்னியுங்கள் என்று மூன்று இடத்தில் எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பும்போதுதான், அங்கே அதை அவருக்கு யார் வாசித்துச் சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. யாரோ ஒருவர், பத்துப் பேர் நடுவில், ஒரு வரியை விட்டோ ஒரு வரியைச் சேர்த்தோ, அவசரமாய் வாசிக்கப்போகிறார். ரோட்டோரத்தில் நின்றுவிட்டேன். போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. யாரோ ஒருவருடைய அழகான கையெழுத்து. கம்பளி வாங்கிக்கொண்டதாகவும், இருமல் குறைந்திருப்பதாகவும், என்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னதாகவும் இருந்தது. நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் கேட்டுவிட்டுப் பேசாமல் விட்டாரா, அவருக்கு வாசித்துச் சொல்லவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. அடுத்த லீவுக்குப் போய் நேரில் கேட்கலாம் என்றிருந்தேன். அந்த மழைக்காலத்தில் இருமல் திரும்பி வந்து, நான் போவதற்குள் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்த மலை முழுவதும் தேயிலை. கண்டியில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. போன வாரம் ஹந்தானையிலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "வாத்தியாரம்மா, தெனமும் ஒக்கார வச்சுப் படிக்க வைக்கிறேங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. இது நெசமாப் படிக்குதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். கடைசிச் சொல்லிலிருந்து கேட்கும் முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளையின் முகம் என் கண்ணில் பட்டது. தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

தாய் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் புறப்பட்டாள். படியிறங்கிப் போனவளைப் பார்த்து, "பிள்ளை தெரியாதுன்னு சொன்னா ஏசாதீங்கம்மா, அது போதும்னு சொல்லுங்க" என்று குரல் கொடுத்தேன். பாதிதான் காதில் விழுந்திருக்க வேண்டும். "சரிங்கம்மா" என்று திரும்பாமலே சொன்னாள். பிள்ளை மட்டும் திரும்பிப் பார்த்தாள். நான் கையை உயர்த்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாயின் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கிப் போனாள்.